முதல் ஜாஸ் ஆல்பத்திலிருந்து முதல் பரிந்துரை வரை

ஜாஸ் ரசிகர்கள் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி ‘இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்பதுதான். ஒருவர் ஓர் ஆல்பத்தின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் அதில் டிரம்ஸ் வாசித்தவர் யார் என்று எடுத்துக்கொடுப்பார். மூன்றாமவரோ, அதே கலைஞர் அதே பாடலை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாசித்த பதிவுதான் மேல் என்று வாதாடத் தொடங்கிவிடுவார். புதிதாக வந்து உட்காருபவருக்கு இதெல்லாம் மனப்பாடப் போட்டி போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்கும் தேதிகளுக்கும் காரணம் உண்டு. ஜாஸில் பாடல் ஒரு தொடக்கம் மட்டுமே; குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட சிலர் கூடி அந்தப் பாடலை என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்கிறோம், அதைப் பற்றித்தான் பேசுகிறோம். எந்த வாசிப்பைச் சொல்கிறோம் என்பது விளங்க வேண்டுமானால் ஆளையும் நாளையும் சொல்லியே ஆகவேண்டும்.

ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது, அதைக் காதுகொடுத்துக் கேட்பது, கேட்டதைக் குறித்துக்கொள்வது, பிறகு அதை இன்னொருவர் தேடிப்போய்க் கேட்கும்படி சொல்வது ஆகியவற்றை வரிசையாகப் பார்ப்போம். இசைக்கருவி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

படி 1: ஒரே ஓர் ஆல்பத்தில் தொடங்குங்கள்

‘கேட்டே ஆகவேண்டிய 100 ஜாஸ் ஆல்பங்கள்’ என்பது போன்ற பட்டியல்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவற்றில் உள்ளவை பெரும்பாலும் நல்ல ஆல்பங்களே. ஆனால் நூறு ஆல்பங்களை ஆளொன்றுக்கு அல்ல, ஆல்பம் ஒன்றுக்கு ஒரு முறை மட்டும் கேட்டு முடிப்பவரின் காதில் அனைத்தும் கலந்து ஒரே பின்னணி ஓசையாகிவிடுகின்றன. ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அடுத்து யார் வாசிக்கப்போகிறார் என்பது முன்கூட்டியே நினைவில் வந்து நிற்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

எந்த ஆல்பம் என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் விடையையே நானும் சொல்வேன்: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காகவே அதைத் தவிர்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூச்சம் தேவையற்றது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவான ஆல்பம் அது. மொத்தம் ஐந்து பாடல்கள், சுமார் முக்கால் மணி நேரம். வேகம் மிதமானது, ஸ்வரங்களுக்கு இடையே மூச்சுவிட இடம் இருக்கிறது, ஒருவர் வாசித்து முடித்து அடுத்தவர் தொடங்கும் இடம் துல்லியமாகப் பிடிபடுகிறது. காதைப் பழக்குவதற்கு இதைவிட வசதியான ஆல்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

இருந்தாலும் ரசனை ஆளுக்கு ஆள் வேறு. மனிதக் குரல் இல்லாமல் இசையில் ஒன்ற முடியாதவர்கள் எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய ‘எலா அண்ட் லூயி’ (1956) ஆல்பத்தில் தொடங்கலாம். தாளம்தான் முதலில் இழுக்கும் என்பவர்களுக்கு டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவும் 1958இல் பதிவுசெய்த ‘மோனின்’ இருக்கிறது. அதன் தலைப்புப் பாடலில் பியானோ ஒரு வரியைச் சொல்ல, குழு முழுவதும் இரண்டே ஸ்வரங்களில் ஆமோதிக்கும். எண்ணி எண்ணிக் கேட்பதில் சுகம் காண்பவர்கள் டேவ் புரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’ (1959) ஆல்பத்தை எடுக்கலாம். அதில் ‘டேக் ஃபைவ்’ ஐந்தடித் தாளத்தில் நடக்கிறது. அதை இயற்றியவர் புரூபெக் அல்லர், குழுவின் சாக்ஸபோன் கலைஞரான பால் டெஸ்மண்ட். அதே ஆல்பத்தின் முதல் பாடல் ஒன்பது அடிகளை 2, 2, 2, 3 என்று பிரித்துப்போடுகிறது. மென்மையை நாடுபவர்களுக்கு ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவும் இணைந்த ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ (1964) பொருந்தும்.

படி 2: ஒரு பாடலுக்குள் நுழைந்து கேளுங்கள்

கேட்பதற்கு முன் கருவியைச் சரிபாருங்கள். டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தை எட்ட முடியாது. பாஸ் கேட்கவில்லை என்றால் ஜாஸ் குழுவின் பாதி உரையாடல் காணாமல்போகிறது. விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம்; ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பாடலான ‘ஸோ வாட்’டை எடுத்துக்கொள்வோம். முதல் அரை நிமிடம் தாளக்கட்டு இல்லாமல் பியானோவும் பாஸும் தயங்கித் தயங்கிப் பேசுகின்றன. பிறகு பாஸ் ஒரு கேள்வியைப் போடுகிறது. பியானோ இரண்டே ஸ்வரக்கூட்டங்களில் (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) விடை சொல்கிறது. சற்று நேரத்தில் அந்த விடையில் ஊதுகருவிகளும் சேர்ந்துகொள்கின்றன. இந்தக் கேள்வியும் விடையும் எட்டு அளவைகள் நீள்கின்றன; இங்கே ஓர் அளவை என்பது நான்கு அடிகள். எட்டின்மீது இன்னோர் எட்டு அப்படியே திரும்ப வருகிறது. மூன்றாவது எட்டில் எல்லாம் அரை ஸ்வரம் மேலேறுகிறது. நான்காவதில் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. ஆக மொத்தம் 32 அளவைகள். இந்த முழுச் சுற்றைத்தான் ரசிகர்கள் ‘கோரஸ்’ என்கிறார்கள். மெட்டு முடிந்ததும் ஒவ்வொரு கலைஞரும் இதே 32 அளவைகளின் மீதுதான் தம் கற்பனையை ஓடவிடுகிறார். தாள ஆவர்த்தனத்துக்குள் கல்பனாஸ்வரம் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அமைப்பு சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஒரே ஒரு வேறுபாடு, இங்கே தாளத்தோடு சேர்ந்து ஸ்வரக்கூட்டங்களின் வரிசையும் சுழல்கிறது.

முதல் முறை கேட்கும்போது மூன்றாவது எட்டில் வரும் அந்த அரை ஸ்வர ஏற்றத்தை மட்டும் கவனியுங்கள். அது உங்களுக்குக் கைகாட்டி மரம். அதைப் பிடித்துவிட்டால் யார் எவ்வளவு தூரம் விலகி வாசித்தாலும் நீங்கள் வழிதவற மாட்டீர்கள். இரண்டாம் முறை கோரஸ்களை எண்ணுங்கள். டேவிஸின் ட்ரம்பெட் இரண்டு, ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் இரண்டு, கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ சாக்ஸபோன் இரண்டு, பில் எவான்ஸின் பியானோ ஒன்று. மூன்றாம் முறை ஊதுகருவிகளை அடியோடு மறந்துவிட்டு, பால் சேம்பர்ஸின் பாஸ் எப்படி ஓய்வில்லாமல் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கிறது என்று பாருங்கள். நான்காம் முறை ஆட்களின் குணத்தைக் கேளுங்கள். டேவிஸ் குறைவாகச் சொல்லி நிறுத்துகிறார். கோல்ட்ரேன் ஒரு யோசனையை விடாமல் நாலாபுறமும் திருப்பிப் பார்க்கிறார். ஆடர்லியின் வாசிப்பில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எவான்ஸ் மெட்டை விட்டுவிட்டு அடர்ந்த ஸ்வரக்கொத்துகளாக வைக்கிறார்.

ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில், டேவிஸின் தனி வாசிப்பு தொடங்கும் அதே நொடியில், டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார். சூழ்ந்திருக்கும் அமைதிக்கு அது சற்றுப் பெரிய அடிதான். அதன் அதிர்வு தேய்ந்து அடங்குவதற்குள் ட்ரம்பெட்டின் முதல் சொற்றொடர்கள் அதன்மீது ஏறி நடந்துவிடுகின்றன. பாடல் எத்தனை முறை ஓடினாலும் இந்த ஓர் அடிக்காகக் காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு. ஒருவர் இன்னொருவரிடம் பகிர்ந்துகொள்ள வேண்டியது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

அடுத்த பாடலான ‘ஃபிரெடி ஃப்ரீலோடர்’ 12 அளவைகள் கொண்ட புளூஸ் சுற்றில் அமைந்தது. அதில் மட்டும் எவான்ஸுக்குப் பதிலாக விண்டன் கெல்லி பியானோ வாசிக்கிறார். உறையைப் பார்க்காமலே ஆள் மாறியிருப்பது உங்கள் காதுக்குத் தெரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

படி 3: ஒரே பாடலை இரண்டு ஆல்பங்களில் கேளுங்கள்

ஜாஸ் கலைஞர்கள் பலரும் பொதுவாக வாசிக்கும் பாடல்களை ‘ஸ்டாண்டர்ட்’ என்பார்கள். ஒரே ஸ்டாண்டர்டை இருவர் கையாள்வதை அடுத்தடுத்துக் கேட்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை. ஜோசப் காஸ்மா இசையமைத்த பிரெஞ்சுப் பாடலிலிருந்து வந்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ இதற்குப் பொருத்தமானது.

முதலில் கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’. 1958 மார்ச் மாதத்தில் பதிவானது. ஆல்பம் ஆடர்லியின் பெயரில் இருந்தாலும் மெட்டை எடுத்துச் சொல்பவர் மைல்ஸ் டேவிஸ். ட்ரம்பெட்டின் வாயில் அடைப்பானைப் பொருத்தி, ஒலியை மெலிதாகவும் கூர்மையாகவும் ஆக்கி, அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். பத்து நிமிடங்களுக்கும் மேல் போகும் பாடல் முழுவதிலும் ஓர் இருண்ட நிதானம் தங்கியிருக்கிறது. முழக்கத்துக்குப் பேர்போன ஆர்ட் பிளேக்கி இதில் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார் என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து பில் எவான்ஸின் ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’. 1959 டிசம்பரில் பதிவானது. அதே பாடல், ஆனால் துள்ளலோடு வருகிறது. மெட்டு முடிந்ததும் பாஸ் வழக்கம்போல நடக்கத் தொடங்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஸ்காட் லஃபாரோ அப்படிச் செய்வதில்லை. பியானோவும் பாஸும் துண்டு துண்டான சொற்றொடர்களை மாறிமாறி எறிந்துகொள்கின்றன. தாளம் வெளியே ஒலிக்காமல் உள்ளே மட்டும் ஓடுகிறது. பிறகு பாஸ் சட்டென்று நடை பிடிக்கும்போது தரை கிடைத்தாற்போல் இருக்கும். பாஸ் என்பது பின்னால் நின்று தாங்கும் கருவி என்ற எண்ணம் அந்த இடத்தில் ஆட்டம் கண்டுவிடுகிறது.

இரண்டையும் கேட்டபின் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும். அதைவிட, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். பகிர்ந்துகொள்ளத் தகுந்த முதல் குறிப்பு அங்கே பிறந்துவிடும்.

படி 4: வாசித்தவர்களின் பெயர்களைப் பின்தொடருங்கள்

அடுத்த ஆல்பத்தைத் தேட உங்கள் கையில் உள்ள ஆல்பத்தின் பின்னுறையே போதும். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஆடர்லி பிடித்திருந்தால் ‘சம்திங் எல்ஸ்’ இருக்கிறது. எவான்ஸ் பிடித்திருந்தால், 1961 ஜூன் 25 ஞாயிறன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் அவருடைய மூவர் குழு வாசித்ததிலிருந்து தொகுக்கப்பட்ட ‘சன்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆகிய இரண்டு ஆல்பங்களுக்குப் போகலாம். அந்த ஞாயிறு கழிந்த 11ஆம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 25.

கோல்ட்ரேனைப் பின்தொடர்பவர்களுக்கு இன்னும் சுவையான பாதை கிடைக்கிறது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவு முடிந்த சில நாள்களிலேயே, 1959 மே மாதத்தில், அவர் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். முன்னதில் ஒரே ஸ்வரக்கூட்டத்தின் மீது எட்டு அளவைகள் நிற்கிறார்கள். பின்னதின் தலைப்புப் பாடலிலோ ஸ்வரக்கூட்டங்கள் நின்று பார்க்க விடாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரே கலைஞர், ஒரே வசந்தகாலம், நேரெதிரான இரண்டு சிந்தனைகள். அதே ஆல்பத்தில் வரும் ‘நயீமா’ என்ற மெதுவான பாடலைக் கேட்டுவிட்டு வாசித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: விண்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். மூவரும் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள்.

நிறுவனங்களைப் பின்தொடரும் ரசிகர்களும் உண்டு. 1939இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ப்ளூ நோட், 1969இல் மான்ஃப்ரெட் ஐஷர் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒலிக்குணம் இருப்பதாக அவர்கள் சொல்வது வெறும் பிரமை அல்ல. ப்ளூ நோட்டின் ஐம்பதுகளின் புகழ்பெற்ற பதிவுகள் பலவும் ரூடி வான் கெல்டர் என்ற ஒரே ஒலிப்பதிவாளர், நியூ ஜெர்சியின் ஹேக்கன்சேக்கில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் செய்தவை. கருவிகள் காதுக்கு அருகே வந்து நிற்பது போன்ற அந்த ஒலியை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு எங்கும் தெரியும்.

பட்டப்பெயர்களையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் உரையாடலில் பாதி புரியாது. ‘பேர்ட்’ என்றால் சார்லி பார்க்கர். ‘ட்ரேன்’ என்றால் கோல்ட்ரேன். ‘பிரெஸ்’ என்றால் டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங். ‘லேடி டே’ என்றால் பாடகி பில்லி ஹாலிடே.

படி 5: எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு

நீண்ட நேரம் ஓடும் எல்பி இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1948இல். அதற்கு முந்தைய 78 சுழற்சித் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல்தான் இசை அடங்கும். எனவே ஆம்ஸ்ட்ராங்கின் இருபதுகளின் பதிவுகளோ, பார்க்கர் 1945இல் வாசித்த ‘கோ-கோ’வோ முதலில் ஆல்பமாக வெளிவந்தவை அல்ல; இன்று நாம் கேட்பவை பிற்காலத் தொகுப்புகள். ஒரே தொகுப்பு பல பெயர்களில், பல அட்டைகளில் உலவுகிறது. இத்தகைய பழைய இசையைப் பகிரும்போது தொகுப்பின் பெயரைவிடப் பாடலின் பெயரும் பதிவான நாளும்தான் பயன்படும். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ், 1928 ஜூன் 28’ என்று சொன்னால் போதும். துணையின்றித் தனி ட்ரம்பெட்டில் ஆம்ஸ்ட்ராங் தொடங்கும் அந்த முகப்பைக் கேட்பவர் எங்கிருந்தும் தேடி எடுத்துவிடுவார்.

இணைய இசைச் சேவைகளில் ஆல்பத்துக்கு அருகே காணப்படும் ஆண்டை நம்பிவிடாதீர்கள். பல நேரங்களில் அது மறுபதிப்பின் ஆண்டு. ஐம்பதுகளில் பதிவான இசைக்கு இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டு போடப்பட்டிருப்பது சாதாரணம். வாசித்தவர்களின் பெயர்களும் அங்கே முழுமையாக இருப்பதில்லை. குறுந்தட்டுக் கையேடு, பின்னுறை, அல்லது பதிவு விவரத் தொகுப்புகள் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். மறுபதிப்புகளில் ஒரே பாடலின் இரண்டு மூன்று வாசிப்புகளை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். முதல்முறை கேட்பவர் அவற்றைத் தவிர்த்துவிட்டு, மூல எல்பியில் இருந்த பாடல்களை, இருந்த வரிசையிலேயே கேட்பது நல்லது.

பதிப்பு வேறுபாடு சில சமயம் அற்ப விஷயமாக இருப்பதில்லை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கத்தைப் பதிவுசெய்த நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பல பத்தாண்டுகளாக அந்தப் பக்கத்தின் பாடல்கள் இருக்க வேண்டியதைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலித்துவந்தன, 1990களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்யப்பட்டது. டியூக் எலிங்டன் குழு 1956 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் வாசித்த கதை இன்னும் விசித்திரமானது. பால் கான்சால்வஸ் தம் டெனர் சாக்ஸபோனில் 27 புளூஸ் சுற்றுகளை இடைவிடாமல் வாசித்துக் கூட்டத்தை எழுந்து ஆடவைத்த நிகழ்ச்சி அது. ஆனால் அப்போது வெளியான எல்பியில் ஒரு பகுதி, ஒலிப்பதிவுக்கூடத்தில் திரும்ப வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. கான்சால்வஸ் கொலம்பியாவின் மைக்கை விட்டு வானொலிக்காரர்களின் மைக் முன் நின்று வாசித்துவிட்டதால், அவருடைய ஒலியும் அதில் எட்டத்தில் கேட்கிறது. வானொலி நாடா கிடைத்தபின் 1999இல் வந்த முழுப்பதிப்பில்தான் அந்த இரவைச் சரியாகக் கேட்க முடிந்தது. ‘நியூபோர்ட் ஆல்பத்தைக் கேளுங்கள்’ என்று மட்டும் சொன்னால் ஏன் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்பியில் கேட்டால்தான் ஜாஸ் என்று வாதிடுபவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கிடைக்கும் வடிவத்தில் கேளுங்கள்.

படி 6: கேட்டதைக் குறித்து வையுங்கள்

ஒரு சிறு நோட்டு போதும். ஆல்பம், தலைவர், பதிவான நாள், வாசித்தவர்கள் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவிட்டு, உங்கள் காது நின்ற ஓர் இடத்தை, முடிந்தால் நிமிடக் கணக்கோடு, எழுதுங்கள். ‘அற்புதம்’, ‘மாஸ்டர்பீஸ்’, ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் போன்றவை எழுதிய மறுவாரமே உங்களுக்கே எதையும் நினைவூட்டாது. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ பற்றிய ஒரு குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“பில் எவான்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ், வில்லேஜ் வேன்கார்ட், 1961 ஜூன் 25. முதல் பாடல் ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. மிக மெதுவான நடை. எவான்ஸ் மெட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் முன்பு சொல்லாத மாதிரி சொல்கிறார். மோஷன் பிரஷ்களால் சிம்பலைத் தொடுவது அடி போலவே கேட்பதில்லை. கண்ணாடிக் கோப்பைகளும் பேச்சொலியும் நடுவே கேட்கின்றன. பதிவுக் கோளாறு அல்ல, அரங்கில் இருந்தவர்கள். ஹெட்ஃபோனில், சத்தமில்லாத நேரத்தில் கேட்க வேண்டியது.”

இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. இதைப் படிப்பவர் அந்தப் பாடலைப் போட்டுப் பார்க்காமல் இருப்பது கடினம்.

படி 7: பரிந்துரை கேட்பதும் கொடுப்பதும்

‘நல்ல ஜாஸ் ஆல்பம் ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டால் மேலே சொன்ன நூறு ஆல்பப் பட்டியல்தான் திரும்ப வரும். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றையும், அதில் பிடித்தது என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ‘ஸோ வாட்டில் பாஸ் முன்னால் வந்து மெட்டைச் சொல்வது பிடித்தது, பாஸ் இப்படி முன்னிற்கும் வேறு ஆல்பம் உண்டா?’ என்று கேட்பவருக்கு, மூத்த ரசிகர் ஒருவர் உற்சாகமாகப் பாஸ் கலைஞரான சார்ல்ஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’ (1959) ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பார். கூடவே, அதில் வரும் ‘குட்பை போர்க் பை ஹாட்’ அவ்வாண்டு மார்ச்சில் மறைந்த லெஸ்டர் யங்குக்கான அஞ்சலி என்பதையும் சொல்வார். கேள்வி துல்லியமாக இருந்தால் பதிலும் அப்படியே வரும்.

கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கொடுங்கள். ஆர்வக்கோளாறில் பத்துப் பெயர்களை அடுக்குவது ஜாஸ் ரசிகர்களின் பொதுவான நோய். கேட்டவர் பத்தில் ஒன்றைக்கூடக் கேட்கமாட்டார். ஆல்பத்தில் எந்தப் பாடலில் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் பாடலே சிறந்த நுழைவாயிலாக எப்போதும் அமைவதில்லை. எதிரில் இருப்பவரின் பொறுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’ (2015) எனக்குப் பிடித்த ஆல்பம்தான், ஆனால் மூன்று தட்டுகளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் ஒன்றைப் புதியவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

பேச்சு 1959ஐச் சுற்றியே வருவதைக் கவனித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையும் அந்தக் குற்றத்துக்கு உட்பட்டதே. அந்த ஆண்டு அவ்வளவு வளமானது என்றாலும் அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது. பழையது நான்கு கேட்டால் இன்று வாசிப்பவர்களின் ஆல்பம் ஒன்றையாவது கேளுங்கள். விஜய் ஐயர் மூவர் குழுவின் ‘பிரேக் ஸ்டஃப்’ (2015), செசில் மெக்லாரின் சால்வன்ட் பாடிய ‘உமன்சைல்ட்’ (2013) ஆகியவற்றில் தொடங்கலாம். அறுபதுகளில் கோல்ட்ரேனுடன் வாசித்த ஃபரோவா சாண்டர்ஸ், ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற மின்னிசைக் கலைஞருடனும் லண்டன் சிம்பனி இசைக்குழுவுடனும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ‘பிராமிசஸ்’, இரண்டு காலங்களையும் ஒரே மூச்சில் கேட்க வைக்கிறது.

ஒருவர் சொன்ன ஆல்பத்தைக் கேட்டபின் அவரிடம் திரும்பிச் சென்று சொல்வது முக்கியம். ‘கேட்டேன், நன்றாக இருந்தது’ என்பதோடு விட்டுவிடாமல் ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த பரிந்துரை உங்கள் காதுக்கு அளவெடுத்ததாக வரும்.

படி 8: பிடிக்காதபோது

எல்லோரும் போற்றும் ஆல்பம் உங்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கலாம். அதை மறைக்கத் தேவையில்லை. உடனே தீர்ப்பாக அறிவிக்கவும் தேவையில்லை. பெரும்பாலும் நுழையும் வழிதான் தவறாக இருக்கும். ஆர்னெட் கோல்மனைப் புதிதாகக் கேட்பவர், இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் 37 நிமிடங்கள் வாசிக்கும் ‘ஃப்ரீ ஜாஸ்’ ஆல்பத்தில் தொடங்கினால் ஓடிப்போவது இயல்பே. அதற்குப் பதில் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ (1959) ஆல்பத்தின் முதல் பாடலான ‘லோன்லி உமன்’ கேட்கட்டும். டிரம்ஸ் விரைந்து ஓடுகிறது; அதன்மேல் இரண்டு ஊதுகருவிகள் அந்த வேகத்துக்குக் கட்டுப்படாமல் மெதுவாக, ஏறக்குறைய ஒப்பாரி போல, மெட்டை இழுக்கின்றன; ஸ்வரக்கூட்டங்களை விதிக்கப் பியானோ கிடையாது. புதுமை என்ன என்பது ஐந்து நிமிடங்களில் புரிந்துவிடுகிறது.

கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தை முதல் ஆல்பமாகக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறேழு ஆல்பங்கள் பழகியபின் வாருங்கள். 1964 டிசம்பர் 9 அன்று, எங்கிள்வுட் கிளிஃப்ஸில் வான் கெல்டர் கட்டிய புதிய கூடத்தில் பதிவான இது நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் ஜிம்மி கேரிசனின் பாஸ் தொடங்கிவைக்கும் நான்கு ஸ்வரச் சொற்றொடரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் அதை ஒவ்வொரு சுருதியாக மாற்றி மாற்றி எடுத்துச் செல்லும். முடிவில் மனிதக் குரல்கள் ஆல்பத்தின் பெயரை அதே நான்கு ஸ்வரங்களில் ஓதும். நான்காம் பகுதிக்கு வரும்போது, ஆல்ப உறையில் அச்சிட்டிருக்கும் கோல்ட்ரேனின் கவிதையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் சாக்ஸபோனில் வாசிப்பது அந்தக் கவிதையின் சொற்களை, அசைக்கு அசை. விரலை வரிகளின்மீது ஓட்டிக்கொண்டே கேட்டால் அவரோடு சேர்ந்து படித்துவிடலாம். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த நிமிடம் வரை கூட வர முடிந்தது, எங்கே விட்டுப்போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அடுத்து உங்களுக்கு எதைக் கொடுக்கலாம் என்று தெரியும்.